என் காதில் விழுந்த உப்பசம்

காலை ஏழு நாற்பது. குக்கர் இரண்டாவது விசில் அடித்து அடங்கியபோது என் மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு, "அம்மா, உப்பசா ஆகுதும்மா" என்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

நான் சேலத்துக்காரி. கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். எங்கள் பக்கத்தில் உப்பசம் என்றால் வயிறு உப்பிக்கொள்வது. என் மகள் மைசூரில் பிறந்து, பள்ளியிலும் தெருவிலும் கன்னடம் பேசி, வீட்டில் மட்டும் பாதித் தமிழ் பேசியவள். அவளுக்கு அந்தச் சொல் மூச்சிரைப்பு. கன்னடத்தில் இரைப்புக்கு அதுதான் பெயர். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். காதுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியில் வரவேண்டிய 'ம்' அவள் வாயில் விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

ஏழெட்டு மாதமாக அவள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு மாதமாக நான் அவளுக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றும் கொடுத்தேன். பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசினேன். அவள் வயிற்றிலிருந்து என் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்து, அங்கே இல்லை, இங்கே என்றாள். வாயு மேலே ஏறினால் அங்கேதான் அடைக்கும் என்று சொன்னேன். அவள் அதை நம்பினாள். நான் சொன்ன எதையும் அவள் அந்த வயதில் நம்பினாள்.

பள்ளிக்கு வேண்டாம், படுத்துக்கொள் என்று சொல்லி, எட்டரை மணிக்கு அவளைக் கீழ்வீட்டு அம்மாளிடம் விட்டேன். வீட்டுச் சொந்தக்காரர் அவர். கன்னடக்காரர், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என் மகளுக்கு அவர் ஆன்ட்டி, எனக்கும் அப்படியே ஆகிவிட்டது. என் கணவருக்குக் குண்டலுபேட்டையில் வேலை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போனால் சனிக்கிழமை மாலைதான் திரும்புவார். அன்று புதன்கிழமை. லீவு போட்டிருக்கலாம். ஆனால் பத்து மணிக்கு ஆபீசில் ஒரு கூட்டம் இருந்தது, அதற்கான தாள்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. குடும்ப டாக்டர் திட்டத்தைத் தொடர்வதா, கைவிடுவதா என்று முடிவெடுக்கும் கூட்டம்.

அந்தத் திட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்தது ஊருக்கு வடக்கே இருந்த ஒரு தொழிற்சாலையின் நலப் பிரிவில். திட்டத்துக்கு முன்பெல்லாம் தொழிலாளிகள் எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போய்விட்டு வந்து பில்லைக் கொடுப்பார்கள். ஒரே வீட்டில் நான்கு பேருக்கு ஆறு டாக்டர்கள் இருப்பார்கள். ஒருவர் கொடுத்த மாத்திரை இன்னொருவருக்குத் தெரியாது. புதிதாக வந்த மேலாளர் இதை மாற்ற நினைத்தார். ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு டாக்டர் என்று பேசி, ஒவ்வொரு குடும்பமும் ஒருவரிடம் பெயர் பதிந்துகொள்ள வேண்டும் என்றார். எதுவானாலும் முதலில் அவரிடம் போக வேண்டும். அவர் வீட்டில் எல்லோரையும் பார்ப்பார், எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி வைப்பார். தேவைப்பட்டால் அவர் கடிதம் கொடுப்பார், அதை எடுத்துக்கொண்டு ஸ்பெஷலிஸ்டிடம் போகலாம். காகிதத்தில் அதில் ஒரு குறையும் இல்லை. நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன்.

ஆட்களிடம் எடுத்துச் சொல்வது என் வேலை. மதிய உணவு நேரத்தில் கான்டீனில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். கடைசல் பிரிவில், எல்லையோரத் தமிழ்க் கிராமமான மார்டள்ளியிலிருந்து வந்தவர் ஒருவர் இருந்தார். கொங்குத் தமிழ் பேசுவார். முதல் நாளே வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் மேடம், ஊட்டுக்கு ஒரே டாக்டரக் கட்டி வெக்கறீங்களே. ஒத்து வர்லீன்னா டைவர்ஸ் உண்டுங்களா?"

உண்டு, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்தார்களே ஒழியப் போகவில்லை. வெறும் எம்.பி.பி.எஸ். என்றார்கள். காலுக்குக் கால் டாக்டர், காதுக்குக் காது டாக்டர் இருக்கும்போது எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவர் எப்படி இருக்க முடியும் என்றார்கள். ஊசி போடாமல் அனுப்பிவிட்டார், அவர் என்ன டாக்டர் என்று ஒருவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். குடிக்கிற விஷயம் டாக்டர் வழியாக ஆபீசுக்கு வந்துவிடும் என்று சிலருக்குப் பயம். பெண்களின் தயக்கம் வேறு. மாமியாரைப் பார்க்கிற அதே டாக்டரிடம் நான் எப்படி என் கஷ்டத்தைச் சொல்வேன் என்று ஒரு தொழிலாளியின் மனைவி என்னிடம் கேட்டார். ஸ்பெஷலிஸ்டுகளும் அந்தக் கடிதங்களைப் படிக்கவில்லை. மேசை ஓரத்தில் தள்ளிவிட்டு எல்லாப் பரிசோதனைகளையும் புதிதாக எழுதினார்கள். பதிந்த டாக்டர்களிலும் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். கடைசியில் லீவுச் சான்றிதழ் வாங்க மட்டும்தான் அந்த அட்டை பயன்பட்டது.

எங்கள் பகுதிக்கு அமைந்த டாக்டரின் கிளினிக் எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது குறுக்குத் தெருவில், மாவு மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அட்டைகளைக் கொடுக்க ஒரே ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். பெஞ்சில் மாவு படிந்திருந்தது. உள்ளே ஒரு கிழவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மருமகள் ஊரிலிருந்து வந்துவிட்டாளா, ராத்திரி யார் சமைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தது திரைக்கு வெளியே எனக்குக் கேட்டது. இவருக்கு எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று நினைத்தேன். அட்டைகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் குடும்பத்தின் பெயரையும் அவரிடம்தான் பதிந்திருந்தேன். பதியாமல் இருந்தால் ஆபீசில் பேசுவார்களே. ஆனால் என் மகளை அவரிடம் ஒருமுறைகூடக் கூட்டிப் போகவில்லை. அவளுக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு வந்தபோது தோல் டாக்டரிடம் போனோம். மார்கழிக் குளிரில் விடியற்காலை இருமல் வந்தபோது காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். உப்பசத்துக்கு வயிற்று டாக்டர். அவரிடம் நானே ஆங்கிலத்தில், பிள்ளைக்கு வாயுத் தொல்லை என்று சொன்னேன். அவர் என்னிடம்தான் கேட்டார், அவளிடம் கேட்கவில்லை. நான் சொன்னதற்கு மருந்து கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. மூன்று டாக்டர்களுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்திருந்தேன். அலமாரியில் பிளாஸ்டிக் உறை போட்டு அடுக்கியிருந்தேன். நல்ல தாய் இப்படித்தான் வைத்திருப்பாள் என்று எனக்கு ஒரு எண்ணம்.

வயிற்று டாக்டரின் வராந்தாவில் ஒருநாள் மாலை அந்த மார்டள்ளிக்காரரைப் பார்த்தேன். அவரும் மனைவியோடு டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார்.

"மேடமும் லெட்டரில்லாமத்தான் வந்தீங்களாக்கும்?" என்றார். பிறகு, "நாஞ் சொல்ல மாட்டனுங், நீங்களும் சொல்லீராதீங்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

புதன்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் என்னைத்தான் முதலில் பேசச் சொன்னார். திட்டம் ஏன் நடக்கவில்லை என்பதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். தங்களைத் தெரிந்த டாக்டரை மக்கள் விரும்பவில்லை, தெரியாத டாக்டரிடம்தான் அவர்களுக்கு நம்பிக்கை என்று சொன்னேன். நன்றாகச் சொன்னீர்கள் என்றார் மேலாளர். அப்போது பியூன் வந்து எனக்குப் போன் என்றார். பதினொன்று இருபது இருக்கும்.

கீழ்வீட்டு ஆன்ட்டி பேசினார். "நிம் மகளிகெ உப்பச ஜாஸ்தி ஆகிதெ, பேக பன்னி" என்றார். உப்பசம் அதிகமாகிவிட்டது, சீக்கிரம் வாருங்கள். அவர் கன்னடத்தில்தான் பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும். மற்ற வார்த்தைகளை எல்லாம் நான் கன்னடமாகத்தான் கேட்டேன். அந்த ஒன்றை மட்டும் தமிழாகக் கேட்டேன். இன்னும் ஒரு கரண்டி ஓமத் தண்ணீர் கொடுங்கள், சாப்பாட்டு நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

"ஓமா? ஓமா யாக்ரீ?" என்றார். எதற்கு ஓமம் என்று கேட்கிறார். வயதானவர், பதறுகிறார் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டு மறுபடி கூட்டத்துக்குப் போனேன். டாக்டர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பது சாத்தியமா என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடைமுறையில் அது முடியாது என்று நானும் சொன்னேன். அது குறிப்பேட்டில் ஏறியது. என் கையெழுத்துதான்.

இரண்டாவது போன் அரை மணி நேரத்துக்குள் வந்தது. இந்த முறை ஆன்ட்டி வேறு வார்த்தை சொன்னார்.

"அவளிகெ உசிரு எளியோக்கே ஆக்தா இல்ல."

கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு. மூச்சை இழுக்கவே முடியவில்லை என்று அவர் சொன்னார். எனக்குக் கேட்டது உசிரு மட்டும்தான். என் மொழியில் அது உயிர். இரண்டு போனிலும் அவர் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். ஒரு வார்த்தையை நான் தவறாகக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், இன்னொரு வார்த்தையைத் தவறாகக் கேட்டு எழுந்து ஓடினேன்.

ஓடுவதற்கு முன் மூன்று எண்களைச் சுழற்றினேன். வயிற்று டாக்டரின் கம்பவுண்டர், டாக்டர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மாலை ஐந்து மணிக்கு டோக்கன் போடட்டுமா என்றார். தொண்டை டாக்டரின் போனை யாரும் எடுக்கவில்லை. தோல் டாக்டரின் உதவியாளர், மூச்சு சம்பந்தமான விஷயத்துக்கு ஏன் இங்கே போன் செய்கிறீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் பகுதி டாக்டரின் எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில், நானே தட்டச்சு செய்த பட்டியலில் இருந்தது. போனைப் பிடித்திருந்த என் முழங்கை அந்தப் பட்டியலின் மேல்தான் இருந்தது. அவருக்குப் போன் செய்யலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். வேண்டாம் என்று நினைக்கவில்லை. தோன்றவே இல்லை.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு ஒன்றும் நினைவில்லை, ஒரு ரயில்வே கேட்டில் நின்றதைத் தவிர. ஒரு சரக்கு ரயில் போனது. அதன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் ஏதோ கேட்டார், தலையாட்டினேன். வீட்டு வாசலில் இறங்கியதும் ஆட்டோவை அனுப்பிவிட்டேன். அதை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். மத்தியான நேரத்தில் எங்கள் தெருவில் ஆட்டோ வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன்.

கீழ்வீட்டு ஹாலில் என் மகள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றியிருந்தாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. கழுத்தடியில் ஒரு குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடுகளின் நிறம் வேறாக இருந்தது. ஒவ்வொரு மூச்சும் வெளியே வரும்போது விசில் போல ஒரு சத்தம். காலையில் அந்தச் சத்தம் இருந்ததா என்று யோசித்தேன். இருந்திருக்க வேண்டும். குக்கர் அடுப்பில் இருந்தது.

ஆன்ட்டி வீட்டில் இல்லை. என்னிடம் பேசி முடித்ததும் டாக்டரைக் கூப்பிடப் போயிருக்கிறார் என்று, குழந்தைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். நான் வந்ததும் அவள் கதவருகே ஒதுங்கிக்கொண்டாள்.

"அம்மா" என்றாள் மகள். அடுத்த வார்த்தைக்கு அவள் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. "நான்" என்றாள். மறுபடி ஒரு மூச்சு. "குடிச்சேன்."

ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டேன் என்கிறாள். ஆன்ட்டி அதைக் கொடுத்திருக்க மாட்டார். காலையில் நான் டம்ளரோடு கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மீதியை இவளே குடித்திருக்கிறாள். சொன்னபடி கேட்டேன் என்று என்னிடம் சொல்கிறாள்.

நான் அவள் முதுகில் கை வைத்தேன். தடவவில்லை, வைத்தேன், அவ்வளவுதான். என் கை அவள் மூச்சோடு ஏறி இறங்கியது. வெளியே போய் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோடு வரை ஓடலாம் என்றும் தெரிந்தது. கால் எழவில்லை. சுவரில் காலண்டரைப் பார்த்தேன், அவளுடைய ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்திருந்ததைப் பார்த்தேன். அதைக் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு கையால் கட்ட முடியாது, கையை முதுகிலிருந்து எடுத்தால் என்ன ஆகுமோ என்று எடுக்காமல் இருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. எதிர்வீட்டுப் பெண் பிறகு இருபது நிமிடம் என்றாள்.

ஆன்ட்டி மாவு மில் வரை நடந்தே போயிருக்கிறார். டாக்டர் யாரோ ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று கம்பவுண்டர் சொல்ல, அந்த வீட்டு அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு அங்கேயும் நடந்திருக்கிறார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்சீட்டிலிருந்து ஆன்ட்டி இறங்கினார், வியர்த்துப் போயிருந்தார். முன்னாலிருந்து இறங்கியவர் அந்த டாக்டர். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மகளுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவளிடம் கன்னடத்தில், பேச வேண்டாம், தலையை மட்டும் ஆட்டு என்றார். இது முன்பும் வந்திருக்கிறதா? தலையாட்டினாள். ராத்திரியிலா, விடிகாலையிலா? விடிகாலை என்றதும் தலையாட்டினாள். கையை நீட்டச் சொல்லி, முழங்கை மடிப்பில் இருந்த அரிப்புத் தழும்பைக் கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப் வைத்தார். ஊசி போட்டார். பையிலிருந்து மூச்சு மருந்துப் பம்பை எடுத்து, ஒரு காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு அதில் செருகி, அவள் மூக்கையும் வாயையும் மூடிப் பிடித்து அழுத்தினார். மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி, வண்டிக்குச் சொல்லி வையுங்கள் என்று ஆன்ட்டியிடம் சொன்னார். ஆன்ட்டி போனருகே போனார்.

வண்டி வேண்டியிருக்கவில்லை. முதலில் தோள்கள் நின்றன. பிறகு கழுத்துக் குழி. உதட்டு நிறம் வந்தது. அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஆன்ட்டியிடம் தண்ணீர் கேட்டாள். கேட்ட வாக்கியத்தை ஒரே மூச்சில் கேட்டாள்.

டாக்டர் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார். இத்தனை நாளாக இதற்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். வயிற்றுக்குக் கொடுத்தேன் என்றேன். வயிறு என்று யார் சொன்னது என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவர் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி கன்னடத்தில் ஓமத்தைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் முகம் மாறவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த வார்த்தையை இரண்டு விதமாகவும் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது. நான் யார், எங்கே வேலை பார்க்கிறேன் என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் கணவருக்குச் சின்ன வயதில் இரைப்பு இருந்ததா, அவர் வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். பதினோரு வருடம் அவரோடு குடித்தனம் செய்தும் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். எனக்குக் குளிர்காலத்தில் மூக்கு ஒழுகுமா என்று கேட்டார். ஒழுகும். யாரிடம் காட்டினீர்கள்? யாரிடமும் இல்லை. எந்த அறையில் படுக்கிறாள், தலையணையில் என்ன பஞ்சு, யாராவது புகைப்பார்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் குரல் ஆபீசில் காரணங்களைப் படித்ததுபோல் ஒரே மாதிரி இருந்தது. அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. மகள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். அவள் மூச்சைக் கேட்டபடி அவர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பையை மூடினார்.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார்?" என்று தமிழில் கேட்டார்.

"சனிக்கிழமை சாயந்திரம்."

"நாளைக்குக் காலைல இவள ஒருதடவ நான் வந்து பாக்கறேன். சனிக்கிழமை மூணு பேரும் கிளினிக்குக்கு வாங்க. எட்டு மணி வரைக்கும் இருப்பேன், லேட்டானாலும் இருப்பேன். இவள மட்டும் கூட்டிட்டு வராதீங்கம்மா. இவள மட்டும் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது."